ஏ37: சந்தேகத்தில் நிற்கும் கக்குவான் இருமல் எந்தக் கணக்கில் ஏறுகிறது?

அமெரிக்காவில் ஒரு குழந்தையை டாக்டர் பார்த்து முடித்ததும், அவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் படித்து அதற்கு உரிய குறியீட்டைப் போட வேண்டும். அந்த இன்னொருவர் பல நேரம் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ உட்கார்ந்திருக்கும் மெடிக்கல் கோடர். நர்சிங், பார்மசி, பயோடெக் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய. அவர்கள் போடும் குறியீட்டை வைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கிறது. அப்புறம் அதே குறியீடுகளை மொத்தமாக அள்ளி, எந்த மாநிலத்தில் எந்த நோய் எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள்.

கக்குவான் இருமல் இந்த வேலையில் தினமும் கண்ணில் படுகிற நோய் அல்ல. ஆனால் ஒரு குறியீடு உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான நோய் கிடைப்பது கஷ்டம். சந்தேகப்படுவது எளிது, உறுதி செய்வது கடினம் என்ற வகையைச் சேர்ந்தது இது. கோடிங் விதிகளோ டாக்டரின் உறுதியைச் சுற்றியே எழுதப்பட்டவை. குறியீட்டில் பதிவாவது குழந்தைக்கு என்ன இருந்தது என்பதல்ல, டாக்டர் எவ்வளவு தூரம் துணிந்து எழுதினார் என்பதுதான். இதை மறந்துவிட்டு எண்ணிக்கையைப் படித்தால் கணக்கு தவறாகப் போகும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. 1906இல் ஜூல் போர்டேயும் ஆக்டாவ் ஜாங்குவும் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் சாதாரணச் சளி போலத்தான் இருக்கும். தொற்று அதிகமாகப் பரவுவதும் கிருமி எளிதாகப் பிடிபடுவதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் அப்போது யாருக்கும் சந்தேகம் வராது. விடாமல் இழுத்து இழுத்து இருமி, முகம் சிவந்து, இருமிய கையோடு வாந்தி எடுக்கத் தொடங்கும்போதுதான் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை, இருமல் தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை நான்கு வாரம் வரை ஓரளவு உதவும். அதாவது, சந்தேகம் பலமாகும் நேரத்தில் சோதனையின் பலம் குறையத் தொடங்கிவிடுகிறது.

கைக்குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். இருமி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் அந்தப் பேர்போன ‘ஊப்’ சத்தமே அவர்களுக்கு வராமல் போகலாம். இருமல்கூடப் பெரிதாக இருக்காது. திடீரென்று மூச்சு நின்றுபோகும், உடம்பு நீலம் பாரிக்கும். இந்த நோயால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் முதல் தடுப்பூசித் தொடர் முடியாத இந்தச் சிசுக்கள்தான்.

சரி, குறியீட்டுக்கு வருவோம். ஐசிடி எனப்படும் உலக அளவிலான நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இந்த நோய்க்கு ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு. பாரிஸைச் சேர்ந்த புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் 1893இல் சிகாகோவில் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல்தான் இன்றைய ஐசிடியின் வேர். 1900இல் அதன் முதல் திருத்தம் வந்தபோது கக்குவான் இருமலுக்கு எண் 8. அம்மைக்கும் டிப்தீரியாவுக்கும் அருகிலேயே, பட்டியலின் தொடக்கத்தில் இருந்தது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாம் திருத்தத்தில் 056, எட்டாம் ஒன்பதாம் திருத்தங்களில் 033, பத்தாம் திருத்தத்தில் ஏ37 என்று அது மாறிக்கொண்டே வந்தது. ஏ37க்குக் கீழே நான்கு பிரிவுகள். பெர்டுசிஸ் கிருமியால் வந்தால் ஏ37.0, அதன் சகோதரக் கிருமியான பாராபெர்டுசிஸால் வந்தால் ஏ37.1, போர்டெடெல்லா இனத்தின் மற்றக் கிருமிகளால் வந்தால் ஏ37.8, எது என்று குறிப்பிடாவிட்டால் ஏ37.9.

அமெரிக்கா தன் தேவைக்கு விரித்து எழுதிக்கொண்ட ஐசிடி-10-சிஎம் 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு பிரிவுக்கும் கடைசியில் ஒரு இலக்கம் கூடுதலாக வரும். நிமோனியா இல்லாவிட்டால் 0, இருந்தால் 1. ஆக ஏ37.00, ஏ37.01 என்று தொடங்கி ஏ37.90, ஏ37.91 வரை மொத்தம் எட்டுக் குறியீடுகள். பழைய ஒன்பதாம் திருத்தத்தில் நிமோனியாவை 484.3 என்று தனியாக இரண்டாவது குறியீடாகப் போட வேண்டும். இப்போது ஒரே குறியீட்டுக்குள் இரண்டும் அடங்கிவிட்டன.

எட்டே எட்டுதானே, இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். முதல் சிக்கல், நோயின் பெயரை வைத்துக் குறியீட்டைத் தேடும் அகரவரிசை இண்டெக்ஸிலேயே வந்துவிடும். டாக்டர் சார்ட்டில், அதாவது நோயாளியின் பதிவில், ‘பெர்டுசிஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் பெர்டுசிஸ் கிருமிதான் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த கோடரும் நேரே ஏ37.00க்குப் போவார். ஆனால் இண்டெக்ஸில் அந்தச் சொல்லைத் தேடினால் அது கொண்டுபோய் விடும் இடம் ஏ37.90, அதாவது கிருமி குறிப்பிடப்படாதது. ஏ37.00 போட வேண்டுமென்றால் போர்டெடெல்லா பெர்டுசிஸால் வந்தது என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். நோயின் பெயரும் கிருமியின் பெயரும் பாதி ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. ஏ37.90 என்ற குறியீடு ஏராளமாக இருக்கும் ஒரு தரவைப் பார்த்து, ‘கிருமி எது என்று சோதிக்கவே இல்லை’ என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. டாக்டர் இரண்டு சொல் குறைவாக எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.

சோதனை செய்த இடத்திலும் கிருமியின் பெயர் நூறு சதம் உறுதி என்று சொல்ல முடியாது. பல பிசிஆர் சோதனைகள் ஐஎஸ்481 என்ற மரபணுத் துண்டைத் தேடுகின்றன. பெர்டுசிஸ் கிருமியில் அது நிறையப் பிரதிகளாக இருப்பதால் கொஞ்சம் கிருமி இருந்தாலும் சோதனை பிடித்துவிடும். ஆனால் அதே துண்டு போர்டெடெல்லா ஹோல்மெசி என்ற இன்னொரு கிருமியிலும் உண்டு. அதுவும் கக்குவான் போன்ற இருமலைத் தரக்கூடியது. குறியீட்டுப்படி அதன் இடம் ஏ37.8. ஒஹையோவில் 2010-11இல் பரவிய இருமலில் இரண்டு கிருமிகளும் கலந்திருந்தது பிற்பாடு தெரிந்தது. ஐஎஸ்481ஐ மட்டும் தேடும் சோதனையை நம்பிப் போட்ட ஏ37.00களில் ஒரு பங்கு உண்மையில் ஏ37.80ஆக இருக்க வாய்ப்பு உண்டு. இதைக் கோடர் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் கூடாது.

ஏன் கூடாது என்பது முக்கியம். அமெரிக்கக் கோடிங் விதிகளில் ஒரு வரி தெளிவாகச் சொல்கிறது: நோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிய கூற்றே குறியீட்டுக்கு ஆதாரம், அவர் எந்த அளவுகோலை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது கோடரின் வேலை இல்லை. இதே விதி மறுபக்கமும் வெட்டும். பிசிஆர் பாசிட்டிவ் என்று லேப் ரிப்போர்ட் சார்ட்டில் பளிச்சென்று இருந்தாலும், டாக்டர் அதைத் தன் முடிவாக எழுதாதவரை கோடர் ஏ37 போட முடியாது. வெறும் லேப் எண்ணை வைத்து நோயை எழுதுவது தவறு.

இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். 2006இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு மருத்துவமனையில் ஊழியர்களுக்கு இருமல் பரவியது. பிசிஆர் சோதனை பலருக்குப் பாசிட்டிவ் என்று வந்ததால் கக்குவான் என்று முடிவு செய்து, ஏறக்குறைய ஆயிரம் பேரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். ஏராளமானோருக்கு ஆன்டிபயாடிக்கும் தடுப்பூசியும் போட்டார்கள். கடைசியில் கல்ச்சரில் ஒருவருக்குக்கூட அந்தக் கிருமி வளரவில்லை. சோதனை முடிவை நோயாக மாற்றும் பொறுப்பு ஒரு டாக்டரிடம் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் ‘சஸ்பெக்டட்’, ‘ப்ராபபிள்’ என்று எழுதினால் என்ன செய்வது? இதற்கு அமெரிக்காவில் ஒரே பதில் இல்லை. நோயாளி ஓபியா ஐபியா என்பதைப் பொறுத்து விதி தலைகீழாக மாறும்.

ஓபியில், அதாவது கிளினிக்கிலோ எமர்ஜென்சியில் பார்த்து வீட்டுக்கு அனுப்பும்போதோ, சந்தேகத்தில் இருக்கும் நோயைக் குறியீடாகப் போடக்கூடாது. அறிகுறியைத்தான் போட வேண்டும். ஐபியில், அதாவது அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும்போது, டிஸ்சார்ஜ் நேரத்திலும் ‘ப்ராபபிள்’ என்றே எழுதியிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு குறியீடு போட வேண்டும். கோவிட் போன்ற சில நோய்களுக்கு மட்டும் ஐபியிலும் உறுதியானால்தான் குறியீடு என்ற விதிவிலக்கு உண்டு. கக்குவான் இருமல் அந்த விதிவிலக்கில் இல்லை.

ஒரு சார்ட்டை வைத்துப் பார்ப்போம். பயிற்சிக்காக நானே அமைத்துக்கொண்ட சார்ட் இது. இரண்டு மாதக் குழந்தை, பத்து நாளாக இருமல், இருமிய பின் வாந்தி. எமர்ஜென்சி டாக்டர் ‘அக்யூட் காஃப், போஸ்ட்-டஸ்ஸிவ் வாமிட்டிங், சஸ்பெக்ட் பெர்டுசிஸ், பிசிஆர் அனுப்பியாச்சு’ என்று எழுதி, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். குறியீடு: ஆர்05.1, அதாவது அக்யூட் (குறுகிய கால) இருமல், வாந்திக்கு ஆர்11.10. கக்குவான் என்ற பேச்சே இல்லை. மறுநாள் ராத்திரி குழந்தைக்கு மூச்சு நிற்கிறது, அட்மிட் ஆகிறது. நான்கு நாள் கழித்து டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ப்ராபபிள் பெர்டுசிஸ்’. குறியீடு: ஏ37.90. அதே குழந்தை, அதே கிருமி, அதே அளவு சந்தேகம். ஒரு பதிவில் வெறும் இருமல். இன்னொரு பதிவில் கக்குவான். பிறகு வரும் பிசிஆர் ரிசல்ட்டைப் பார்த்து எமர்ஜென்சி பதிவை யாராவது திருத்துவார்களா? அந்தப் பில் எப்போதோ போய்விட்டிருக்கும்.

இதனால் நடப்பது இதுதான்: அட்மிட் ஆன சிசுக்களின் கணக்கில் கக்குவான் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கணக்கில் பெரும்பகுதி ஆர்05 என்ற பெட்டிக்குள் காணாமல் போகும். பெரியவர்கள் கதை அதைவிடக் கஷ்டம். நாற்பது வயதுக்காரர் மூன்று வாரமாக இருமிக்கொண்டு போனால் பல டாக்டர்கள் ‘பிராங்கைட்டிஸ்’ என்று எழுதிவிடுவார்கள். அது ஜே40 அல்லது ஜே20.9 என்று பதிவாகும். அந்த மனிதர் வீட்டில் பிறந்து ஒரு மாதமான பேரக்குழந்தை இருக்கலாம் என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது.

2021 அக்டோபரில் ஆர்05ஐ அமெரிக்கா பிரித்து எழுதியது. அக்யூட் ஆர்05.1, சப்அக்யூட் ஆர்05.2, நாள்பட்டது ஆர்05.3, இருமி மயங்கி விழுவது ஆர்05.4, குறிப்பிடப்படாதது ஆர்05.9. போர்டெடெல்லா பெர்டுசிஸால் வரும் தொடர் இருமலை இங்கே போடாதே, ஏ37.0க்குப் போ என்று கீழே ஒரு குறிப்பும் உண்டு. நல்ல மாற்றம்தான். சப்அக்யூட் இருமல் மூன்றிலிருந்து எட்டு வாரம் வரை நீடிப்பது. கக்குவான் ஒளிந்திருக்கக்கூடிய காலம் அதுவே. ஆராய்ச்சியாளர் ஒருவர் தேட நினைத்தால் இப்போது எங்கே தேடலாம் என்றாவது தெரியும். ஆனால் டாக்டர் ‘இருமல்’ என்று மட்டும் எழுதினால் மறுபடியும் ஆர்05.9தான்.

நிமோனியா இலக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கக்குவானும் நிமோனியாவும் ஒரே சார்ட்டில் இருந்தால், டாக்டர் ‘இதனால் அது’ என்று இணைத்து எழுதாவிட்டாலும் விதி இரண்டையும் இணைத்தே பார்க்கச் சொல்கிறது. குறியீட்டின் தலைப்பிலேயே ‘நிமோனியாவுடன்’ என்று இருப்பதால் வரும் விதி அது. ஆனால் நிமோனியாவுக்குக் காரணம் ஆர்எஸ்வி வைரஸ் என்று டாக்டர் தெளிவாக எழுதிவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். அப்போது ஏ37.00 தனியாக, ஆர்எஸ்வி நிமோனியாவுக்கு ஜே12.1 தனியாக. சிசுக்களில் இந்த இரண்டு தொற்றும் ஒன்றாக வருவது உண்டு. அவசரத்தில் ஏ37.01 போட்டுவிட்டால், கக்குவானே நுரையீரலைத் தாக்கியதாகப் பதிவாகிவிடும். இந்த ஒரு இலக்கம்தான் நோயின் கடுமையைக் காட்டுகிறது. தடுப்பூசி கடுமையான நோயைத் தடுக்கிறதா என்று பார்க்கிறவர்கள் எண்ணுவதும் இதைத்தான். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் இங்கே அவசரப்படாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கொயரி, அதாவது எழுத்தில் ஒரு கேள்வி, அனுப்பலாம். அதையும் அவர் வாயில் வார்த்தையைத் திணிக்காமல் அனுப்ப வேண்டும். ‘இது கக்குவான்தானே, உறுதி செய்யுங்கள்’ என்று கேட்கக்கூடாது. ‘இருமலோடு வாந்தி, மூச்சு நின்றது, பிசிஆர் பாசிட்டிவ், அசித்ரோமைசின் 5 நாள் என்று சார்ட்டில் உள்ளது. இந்தச் சிகிச்சைக்கு உரிய டயக்னோசிஸைப் பதிவு செய்யவும்’ என்று கேட்டு, வேறு நோய், தீர்மானிக்க இயலவில்லை என்ற வாய்ப்புகளையும் கூடவே தர வேண்டும். ஒரு நல்ல கொயரி ஆர்05இல் போகவிருந்த ஒரு கக்குவானை அதன் இடத்தில் வைக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்று இலக்கு வைத்து ஓடும் ஓபி வேலையில் கொயரிக்கு நேரம் கிடைப்பது அரிது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

நோயே இல்லாதவர்களுக்கும் குறியீடு உண்டு. வீட்டில் ஒருவருக்குக் கக்குவான் என்று தெரிந்து தடுப்பு மருந்துக்காக வருபவருக்கு இசட்20.818. தடுப்பூசி போட வந்தால் இசட்23. எந்தத் தடுப்பூசிக்கும் இதே ஒரு குறியீடுதான். எது போட்டார்கள் என்பதை, செய்த சிகிச்சையைக் குறிக்கத் தனியாக வரும் சிபிடி எண்தான் சொல்லும். டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்கும் சேர்த்துப் போடும் டிடாப் தடுப்பூசி என்றால் 90715.

இவ்வளவு ஓட்டை இருந்தால் அமெரிக்கா கக்குவானை எப்படி எண்ணுகிறது என்று கேட்கலாம். பில்லிங் குறியீட்டை வைத்து எண்ணுவதில்லை. டாக்டர்களும் லேப்களும் மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவித்து, அங்கிருந்து நோய்க் கட்டுப்பாட்டு மத்திய அமைப்பான சிடிசிக்குப் போகும் தனி வழி இருக்கிறது. அதற்கு என்று தனி வரையறை, எத்தனை வாரம் இருமல், என்ன அறிகுறி என்ற கணக்கு. கலிபோர்னியாவில் 2010இல் 9,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்து 10 சிசுக்கள் இறந்தன என்பதும், 2012இல் நாடு முழுக்க 48,277 பேர் என்பதும் அந்த வழியில் வந்த எண்கள். பில்லிங் தரவில் இருந்து எண்ணினால் வேறு எண் வரும். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள் என்பதால் ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்லக்கூடாது.

மரணச் சான்றிதழில் மூன்றாவது கணக்கு வருகிறது. அங்கே அமெரிக்காவும் இந்தியாவும் உலக சுகாதார நிறுவனத்தின் அசல் ஐசிடி-10ஐத்தான் பயன்படுத்துகின்றன, ஐந்தாவது இலக்கம் கிடையாது. நம் ஊர் மருத்துவமனைகளில் நிரப்பும் படிவம் 4இலும், உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிவரியாக எழுத வேண்டும். கீழே கடைசி வரியில் கக்குவான் என்று எழுதியிருந்தால் அந்த மரணம் ஏ37இல் சேரும். கக்குவானால் ஒரு சிசுவுக்கு வெள்ளையணுக்கள் எக்கச்சக்கமாக ஏறி, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடி இறந்திருக்கிறது என்று வையுங்கள். டாக்டர் நிமோனியா, மூச்சுத் திணறல் என்பதோடு நிறுத்திவிட்டால் கக்குவான் அந்தப் பதிவில் இருக்காது. ஒரே ஒரு வரி விடுபட்டதால் தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய ஒரு மரணம், தடுக்க முடியாத மரணங்களோடு போய்ச் சேரும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் கக்குவானின் குறியீடு 1சி12. நிமோனியா மறுபடியும் தனிக் குறியீடாகி, இரண்டையும் கோத்து எழுதும் முறை வந்திருக்கிறது. ஆனால் என் கண்ணை ஈர்த்தது வேறொன்று. நோயின் குறியீட்டோடு ‘தற்காலிக டயக்னோசிஸ்’ என்று காட்டும் ஒரு கூடுதல் குறியீட்டையும் ஒட்டலாம். சந்தேகத்தை மறைக்கவும் வேண்டாம், உறுதி என்று ஏற்றிச் சொல்லவும் வேண்டாம். சந்தேகத்தைச் சந்தேகமாகவே பதிவு செய்யலாம். மேலே சொன்ன இரண்டு மாதக் குழந்தையின் எமர்ஜென்சி சார்ட்டுக்கு இத்தனை காலம் இல்லாமல் போனது அதுதான். அமெரிக்க மருத்துவமனைகள் இன்னும் ஐசிடி-10-சிஎம்மில்தான் ஓடுகின்றன. பதினொன்றுக்கு மாறும் நாளில் ஓபிக்கு ஒன்று, ஐபிக்கு ஒன்று என்ற பழைய விதியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், இந்த வசதியைக் கோடர்கள் பயன்படுத்த விட வேண்டும்.